ஆகாயத்தில் ஒரு பவர் ஹவுஸ்: 1968லிருந்து ஒரு கதை

நீண்ட பதிவு. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரே நாளில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று வீடியோ. விண்வெளியில் சோலார் பேனல் வைத்து ராத்திரியிலும் கரண்ட் எடுக்கப் போகிறார்களாம், இனி நிலக்கரியே வேண்டாமாம். இன்னொன்று ஃபார்வர்ட். அந்தக் கதிர் பட்டால் பறவைகள் பறக்கும்போதே வெந்து விழுமாம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஆட்கள் கட்டைவிரல் போட்டிருந்தீர்கள்.

மறுநாள் கோவையில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், இந்த மாதிரி ஒரு கம்பெனியில இப்பவே பணம் போட்டா பத்து வருஷத்துல பல மடங்கு ஆகும்னு ஒருத்தர் சொல்றார். பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வெச்சது கொஞ்சம் இருக்கு. போடலாமா?" என்றார். நான் சரித்திர வாத்தியார், பங்குச் சந்தை எனக்குத் தெரியாது. ஆனால் இந்த யோசனைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான சரித்திரம் உண்டு. எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய் என்றேன். அவருக்காக எழுதியது, எல்லோரும் படிக்கலாம்.

கற்பனையாக இது 1941லேயே வந்துவிட்டது. ஐசக் அசிமோவ் எழுதிய ஒரு சிறுகதையில், விண்வெளி நிலையம் ஒன்று சூரிய சக்தியைச் சேர்த்துக் கதிராகக் கோள்களுக்கு அனுப்பும். கதையாக இருந்ததைப் பொறியியலாக மாற்றியவர் பீட்டர் கிளேசர். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். மாசசூசெட்ஸில் ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தில் பொறியாளர். 1968 நவம்பர் 22ஆம் தேதி வெளிவந்த 'சயின்ஸ்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அடுத்த மாதம்தான் அப்போலோ 8 மனிதர்களை ஏற்றிக்கொண்டு சந்திரனைச் சுற்றியது. எதுவும் முடியும் என்று அந்த நாடு நம்பிய காலம் அது.

கிளேசர் சொன்னது இதுதான். பூமியில் வெயிலுக்கு இரண்டு எதிரிகள், இரவும் மேகமும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்துக்கே தானும் சுற்றி, ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் தெரியும் ஒரு பாதை உண்டு. நம் டிவி செயற்கைக்கோள்கள் நிற்கும் பாதை. அங்கே ஏறக்குறைய எப்போதும் வெயில். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும், நள்ளிரவு சமயத்தில் பூமியின் நிழல் விழும். அதுவும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 72 நிமிடம். அங்கே மின்சாரம் எடுத்து, அதை நுண்ணலையாக, அதாவது மைக்ரோவேவாக மாற்றிக் கீழே அனுப்பலாம். மேகத்தையும் மழையையும் பெரும்பாலும் தாண்டி வந்துவிடும். கீழே ஆன்டெனாக்களைப் பரப்பி அதைப் பிடித்துத் திரும்ப மின்சாரமாக்கலாம். இதற்கு 1973 டிசம்பரில் கிளேசருக்குக் காப்புரிமை கிடைத்தது.

கம்பியில்லாமல் மின்சாரம் போகுமா என்ற சந்தேகம் அப்போதே ஓரளவு தீர்ந்திருந்தது. ரேதியான் கம்பெனியின் வில்லியம் பிரவுன் 1964ல் ஒரு குட்டி ஹெலிகாப்டரை, கீழிருந்து பாய்ச்சிய மைக்ரோவேவை மட்டும் கொண்டு பறக்க வைத்தார். எரிபொருளும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. மைக்ரோவேவைப் பிடித்து நேர் மின்னோட்டமாக மாற்றும் அந்த ஆன்டெனாவுக்கு 'ரெக்டென்னா' என்று பெயர். 1975ல் கலிபோர்னியா பாலைவனத்தில் கோல்ட்ஸ்டோன் என்ற இடத்தில், ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கும் மேல் அனுப்பிக் காட்டினார்கள். ரெக்டென்னா மேல் விழுந்ததில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் மின்சாரமாகத் திரும்பி வந்தது. ஆக, இது புரளி இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் வரிசை. ஓர் ஆலோசனை நிறுவனத்து மேஜையில் கிடந்த யோசனை அரசாங்கத்து மேஜைக்கு ஏறியது அப்போதுதான். இந்தக் கதை முழுக்க இதைப் பார்ப்பீர்கள். எண்ணெய் விலை ஏறினால் இந்த யோசனைக்கு உயிர் வரும், இறங்கினால் படுத்துக்கொள்ளும்.

1977லிருந்து மூன்று வருடம் அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தின. அதற்காகத் தாளில் ஒரு மாதிரி நிலையத்தை வரைந்தார்கள். செயற்கைக்கோள் 10 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம். அதில் கதிர் அனுப்பும் ஆன்டெனா மட்டும் ஒரு கிலோமீட்டர் விட்டம். மொத்த எடை 34,000 டன்னிலிருந்து 51,000 டன் வரை. கீழே முட்டை வடிவத்தில் 10 கிலோமீட்டருக்கு 13 கிலோமீட்டர் ரெக்டென்னா. சென்னை மாநகராட்சிப் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. இவ்வளவுக்கும் கிடைப்பது 5,000 மெகாவாட். இப்படி 60 நிலையங்கள். ரெக்டென்னாக்களுக்கு வேண்டிய நிலத்தை மட்டும் கூட்டினால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்கு வரும்.

ஏன் இவ்வளவு பெரிது, சின்னதாக ஒன்று கட்டிப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இந்தக் கதையின் ஆணிவேரே அங்கேதான் இருக்கிறது. டார்ச் விளக்கைப் பக்கத்துச் சுவரில் அடித்தால் வட்டம் சின்னது, எதிர்த்த தெருவில் அடித்தால் பெரிது. எந்த அலையும் போகப் போகப் பரவும். அவர்கள் எடுத்துக்கொண்ட மைக்ரோவேவின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 36,000 கிலோமீட்டர் தாண்டி வருவதற்குள் அது எவ்வளவு பரவும் என்பதை இயற்கை தீர்மானிக்கிறது, பொறியாளர் அல்ல. மேலே ஒரு கிலோமீட்டர் ஆன்டெனா வைத்தால் கீழே பத்து கிலோமீட்டர் வேண்டும். மேலே பாதியாகக் குறைத்தால் கீழே இரண்டு மடங்காகும். ஒரு கிராமத்துக்கு மட்டும், ஒரு மில்லுக்கு மட்டும் என்று இந்த மின்சாரத்தை இறக்க முடியாது. பிறக்கும்போதே யானையாகப் பிறக்க வேண்டும், கன்றுக்குட்டிப் பருவம் கிடையாது.

இந்தப் பிரம்மாண்டத்தால் ஒரு நல்லதும் நடந்தது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் ரொம்பப் பிடித்த பகுதி அது. இவ்வளவு பெரிய சாதனத்தைச் சத்தமில்லாமல் கட்டிவிட முடியாது என்பதால், ஒரு போல்ட் கூட முடுக்குவதற்கு முன்பே சுற்றுச்சூழல் கேள்விகளைக் கேட்டார்கள்.

முதல் கேள்வி, கதிருக்குக் கீழே இருக்கும் உயிர்கள். கதிரின் நடுப்பகுதியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 23 மில்லிவாட் விழும், ரெக்டென்னாவின் ஓரத்தில் 1 மில்லிவாட் என்று வகுத்திருந்தார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய 100 மில்லிவாட். அதாவது நடுமையத்தில்கூட மத்தியான வெயிலில் கால் பங்குதான். பறக்கிற காக்கை வெந்து விழாது. ஆனால் வெயில் தோலோடு நிற்கும், மைக்ரோவேவ் உடம்புக்குள்ளே போகும். எனவே 'வெயிலை விடக் குறைவு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அன்றைக்கு அமெரிக்காவில் தொழிலாளர்களுக்கு 10 மில்லிவாட் வரை பரவாயில்லை என்றார்கள். சோவியத் நாட்டிலோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரம்பு. ஒரே அலை, ஒரே மனித உடம்பு, இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே ஆயிரம் மடங்கு கருத்து வேற்றுமை! அணுகுண்டைப் பற்றிக்கூட அவர்கள் இவ்வளவு வேறுபட்டதில்லை.

இந்த நிலையில் தேனீக்களைக் கேட்டுப் பார்த்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தேனீக்களை அதே அலைவரிசை மைக்ரோவேவில் அரை மணி நேரம் வைத்து, பிறகு வெளியே விட்டார்கள். ஒழுங்காகப் பறக்கின்றனவா, திசை தெரிகிறதா, கூட்டுக்குத் திரும்புகின்றனவா என்று பார்த்தார்கள். 50 மில்லிவாட் வரை ஏற்றியும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று 1981ல் வெளியிட்டார்கள். அரை மணி நேரத்துக்கான பதில்தான் அது, முப்பது வருடத்துக்கு அல்ல. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நம் எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, மீனவர்கள் வலையில் சேறு வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. இங்கே, இன்னும் பிறக்காத ஒரு மின் நிலையத்துக்காகத் தேனீயிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி மேல் வளிமண்டலம். ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தை இந்தக் கதிர் சூடாக்கிக் குலைத்துவிடுமா? நடுமையத்துக்கு 23 மில்லிவாட் என்று உச்சவரம்பு வைத்ததே இந்தப் பயத்தில்தான். கொலராடோவிலும் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவிலும் தரையிலிருந்து அலை பாய்ச்சிச் சோதித்தார்கள். கதிரைவிட அதை மேலே கொண்டுபோகும் ராக்கெட்தான் பெரிய பிரச்சினை என்பதும் தெரிய வந்தது. 1973 மே மாதம் ஸ்கைலாப் நிலையத்தை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் ராக்கெட்டின் புகையில் இருந்த நீராவியும் ஹைட்ரஜனும் அயனி மண்டலத்தில் பெரிய ஓட்டையே போட்டிருந்தன. சில மணி நேரத்தில் அது தானாக மூடிக்கொண்டது. ஆனால் அது ஒரே ஒரு ராக்கெட். ஐம்பதாயிரம் டன்னை ஏற்ற, அதுவும் அறுபது முறை ஏற்ற, தினமும் ராக்கெட் போனால்?

வானியல் அறிஞர்களும் எதிர்த்தார்கள். இந்தச் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் இரவு வானில் வெள்ளிக் கிரகம் அளவுக்குப் பளிச்சென்று தெரியும். அறுபதும் சேர்ந்தால் வானத்தின் குறுக்கே விளக்குச் சரம் கட்டியதுபோல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் எதையும் பார்க்க முடியாது. ரேடியோ தொலைநோக்கிகளின் கதி அதைவிட மோசம்.

'மேலிருந்து ஊர்மேல் திருப்பினால் ஆயுதமாகாதா' என்றும் கேட்டார்கள். அதற்குப் பொறியாளர்களிடம் நல்ல பதில் இருந்தது. ரெக்டென்னாவின் நடுவிலிருந்து மேலே ஒரு வழிகாட்டி அலை போய்க்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலுள்ள லட்சக்கணக்கான சிறு பகுதிகள் ஒன்றாக ஒரே இடத்தில் குவியும். அது அறுந்தால் கதிர் கலைந்து பரவி வலுவிழந்துவிடும்.

சரி, இத்தனை கேள்விகளில் எது இந்தத் திட்டத்தைக் கொன்றது? எதுவும் இல்லை. 'தெரியாதவை இருக்கின்றன, ஆனால் கைவிட்டே ஆக வேண்டும் என்று சொல்லும்படி ஒன்றும் தென்படவில்லை' என்கிற மாதிரிதான் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்தது. கொன்றது காசு. முதல் நிலையம் ஒன்று எழும்ப, அதற்கான ஆராய்ச்சி, தொழிற்சாலை, ராக்கெட் எல்லாம் சேர்த்து 1977ஆம் வருட மதிப்பில் சுமார் 10,200 கோடி டாலர். அதுவரை ஒரு யூனிட் மின்சாரம் கூட விற்க முடியாது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1981ல், அடுத்த பத்து வருடத்துக்கு இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. ரீகன் ஆட்சி வந்தது, கோப்பு மூடியது. ஷட்டில் விமானம் வந்தால் ராக்கெட் செலவு சரிந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள். ஷட்டிலோ ஒரு கிலோவை மேலே கொண்டுபோக ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் தின்றது என்று பின்னால் நாசாவில் ஒருவரே கணக்குப் போட்டார்.

இதே வருடங்களில் தரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். சோலார் செல் அப்போது தங்க விலை, ஒரு வாட்டுக்கு 76 டாலர் அளவில். ஆனால் அதற்குச் சின்னதாக வேலை கிடைத்தது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கு வாங்கினார்கள். (சோலாருக்கு முதலில் சோறு போட்டவர்களில் எண்ணெய்க் கம்பெனிகளும் உண்டு!) 1976ல் ஷார்ப் கம்பெனி வெயிலில் ஓடும் கால்குலேட்டர் விட்டது. பிறகு ரயில்வே சிக்னல், கிராமத்து விளக்கு, தண்ணீர் மோட்டார், கூரை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் சின்னத் தொகை கொடுத்து வாங்கினார், அந்தக் காசில் அடுத்த படி ஏறியது. இன்று வாட்டுக்கு அரை டாலர்கூட இல்லை. பம்ப் பட்டறைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவரும் ஒரு லேத் மெஷினோடு ஆரம்பித்தவர்தான்.

விண்வெளி நிலையத்துக்கு அந்த முதல் படி இல்லவே இல்லை. அதனால்தான் அது எழுந்து எழுந்து உட்கார்ந்தது. 1995ல் நாசா மறுபடி தூசி தட்டியது. ஜப்பானியர்கள் விடாமல் செய்தார்கள், 2015ல் பல கிலோவாட் மைக்ரோவேவைத் தரையில் அனுப்பிக் காட்டினார்கள். 2009ல் கலிபோர்னியாவின் பிஜி அண்ட் ஈ மின் கம்பெனி, சோலாரன் என்ற சிறு கம்பெனியிடம் 2016லிருந்து 200 மெகாவாட் விண்வெளி மின்சாரம் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தமே போட்டது. மாநில ஒழுங்குமுறை ஆணையமும் ஒப்புதல் தந்தது. 2016 வந்தது, மின்சாரம் வரவில்லை.

2010 நவம்பரில் நம் கலாம் அய்யாவும் இதில் இறங்கினார். அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து, இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக இதைச் செய்ய வேண்டும் என்று ஒரு முயற்சியை அறிவித்தார். அதுவும் அறிவிப்போடு நின்றது. ஆனால் 2016ல் அவருடைய ராமநாதபுரம் மாவட்டத்திலேயே, கமுதியில், 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தரையில் எழுந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். அந்த அமெரிக்க ரெக்டென்னா சுமார் 25,000 ஏக்கர், கமுதியைப் போல் பத்து மடங்கு. அந்த இடத்தில் கமுதி மாதிரி பேனல் பரப்பினால் உச்சி வெயிலில் 6,480 மெகாவாட் வரும், ரெக்டென்னா தருவதைவிட அதிகம். ஆனால் ராத்திரி, மேகம், காலை, மாலை எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு, 1,300 மெகாவாட் என்று வையுங்கள். ரெக்டென்னா இரவும் பகலும் 5,000 தரும். போதாததற்கு அது வலை மாதிரி இருப்பதால் வெயிலும் மழையும் கீழே இறங்கும், அடியில் புல்லாவது வளர்க்கலாம். நிலத்தைப் பொறுத்தவரை ஆகாயக் கட்சிதான் ஜெயிக்கிறது. நிலத்தைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த யோசனையை நான் கேலி செய்யாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது என்ன நிலைமை? கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனம் 2023ல் ஒரு சோதனைக் கருவியை விண்ணுக்கு அனுப்பியது. அது விண்வெளியிலேயே ஓர் அடி தூரத்துக்கு மின்சாரம் அனுப்பி இரண்டு குட்டி விளக்குகளை எரிய வைத்தது. பசடேனாவில் அவர்கள் கட்டட மொட்டை மாடியில் இருந்த கருவி, மேலிருந்து வந்த அலையை உணர்ந்தது. உணர்ந்தது, அவ்வளவுதான். அதில் விளக்கு எரியாது. ஏத்தர்ஃப்ளக்ஸ் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி 2024ல் வேறு வழியை அறிவித்தது. தாழ்வான பாதையில் சின்னச் சின்ன செயற்கைக்கோள்கள், மைக்ரோவேவுக்குப் பதில் அகச்சிவப்பு லேசர். அலைநீளம் மிகச் சிறியது என்பதால் கீழே விழும் வட்டமும் சின்னது. யானையைக் கன்றுக்குட்டியாகப் பிறக்க வைக்கப் பார்க்கிறார்கள், புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த ஒளியை மேகம் மறைக்கும், கிளேசர் எந்த எதிரியிடமிருந்து தப்பிக்க மேலே போனாரோ அதே எதிரி.

ராக்கெட் செலவு உண்மையாகவே விழுந்திருக்கிறது. ஃபால்கன் 9 வந்தபின் கிலோவுக்கு மூவாயிரம் டாலருக்கும் கீழே. அந்தத் தைரியத்தில் நாசா 2024 ஜனவரியில் மறுபடி கணக்குப் போட்டு வெளியிட்டது. 2,000 மெகாவாட் தரும் இரண்டு மாதிரிகள். ஒன்றில் யூனிட் 61 சென்ட், இன்னொன்றில் 1 டாலர் 59 சென்ட். நம் காசில் ஐம்பது ரூபாய், நூற்று முப்பது ரூபாய். நம் நாட்டில் தரைச் சோலார் இன்று யூனிட் இரண்டரை ரூபாய் ஒட்டி ஏலம் போகிறது. கரி வாயு யூனிட்டுக்கு 26 கிராம், 40 கிராம் என்று வந்தது. நிலக்கரியின் ஆயிரம் கிராமோடு பார்த்தால் துளி, ஆனால் தரைச் சோலாரைவிடப் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ராக்கெட்டும் மற்றதும் மலிந்தால் விலை பல மடங்கு இறங்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த 'மலிந்தால்' 1977லும் இருந்தது.

இந்த இரண்டாவது சுற்றில் எனக்குக் கவலை தருவது வேறு. அன்று அரசாங்கம் செய்தது, அதனால் தேனீ முதல் வெள்ளிக் கிரகம் வரை எல்லாக் கேள்வியும் பொதுவில் கேட்கப்பட்டு அச்சில் வந்தது. இன்று முதலீட்டாளர் பணத்தில் ஓடும் கம்பெனிகளும் இறங்கியிருக்கின்றன. அவர்கள் வீடியோக்களில் ராக்கெட் புகையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆயிரக்கணக்கில் ராக்கெட் போனால் மேல் வளிமண்டலத்தில் கரித்துகளும் நீராவியும் என்ன செய்யும் என்பதை யார் காசில், யார் சோதிப்பார்கள்?

பட்டறைக்காரருக்கு என் பதில்: விஞ்ஞானம் பொய் இல்லை தம்பி, ஆனால் பத்து வருடம் என்பதைப் பலர் பலமுறை சொல்லியாகிவிட்டது. இருபது வயதுப் பையனின் உபரிக் காசாக இருந்தால் உன் இஷ்டம். கல்யாணத் தேதி யானை வளரும்வரை காத்திருக்காது. அந்தப் பணத்தை வங்கியிலேயே விட்டுவை. உன் பட்டறைக் கூரையில் பேனல் போட இடம் இருக்கிறதா என்று வேண்டுமானால் பார்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். நாசாவின் மலிவான மாதிரியில் 2,000 மெகாவாட் நிலையம் ஒன்றைக் கட்ட 2,321 முறை ராக்கெட் ஏவ வேண்டும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட். அதை முழுக்க ஆகாயத்திலிருந்தே இறக்குவதென்றால் எத்தனை ராக்கெட், தினம் ஐந்து என்று விட்டால் எத்தனை வருடம்? மொபைலில் கால்குலேட்டரைத் தொடாமல் போட்டு அனுப்புங்கள். 1994 பேட்ச்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது.